பச்சைக் களிமண் பிள்ளையார்

ஒரு மனுஷனைப் பழிவாங்குவதற்காகவே நான் ஒரு பிள்ளையார் பிடித்திருக்கிறேன். இதைப் படித்தால் உங்கள் அம்மா, "நீங்க மட்டுமா புடிச்சீங்க? தும்பிக்கைய யாரு வச்சது?" என்று சண்டைக்கு வருவாள். சரி, இரண்டு பேரும் சேர்ந்துதான் பிடித்தோம்.

பழிவாங்குவது கெட்டது என்று உங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டவன். அந்தப் பாடம் ஒன்பதாம் வகுப்பில் இருந்ததோ என்னவோ, எனக்கு நடக்கவில்லை.

அப்போது நாம் திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் வாடகைக்கு இருந்தோம். எழுபதுகளின் கடைசி. முன்பக்கம் என் சைக்கிள் கடை. வாடகைக்கு விடுவது, பஞ்சர் ஒட்டுவது. பின்பக்கம் ஓர் அறை, சமையல்கட்டு, கிணறு. மூத்தவளே, உனக்கு நடை வந்திருந்தது, பேச்சு வரவில்லை. சின்னவன் பிறக்கவே இல்லை.

அந்த வரிசைக்கே வாய்த்த கிணறு நம்முடையதுதான். ஆவணி மாதத்தில் மற்ற வீட்டு வாளிகள் தரையில் முட்டிச் சேற்றோடு வரும். நம் கிணற்றில் அப்போதும் தண்ணீர் நிற்கும். அதனால் பிள்ளையார் சதுர்த்தி கழிந்ததும் தெருவில் இருக்கிற எல்லா வீட்டுக் களிமண் பிள்ளையாரும் நம் கிணற்றுக்குத்தான் வருவார்கள். எருக்கம்பூ மாலையைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக உள்ளே இறக்குவோம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிணற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பாலிஷ் பட்டறை. கறுத்துப்போன குத்துவிளக்கு, செம்புக் குடம், பித்தளைத் தட்டு எல்லாவற்றையும் திராவகத்தில் முக்கி எடுத்துக் கழுவி, பளபளவென்று தேய்த்துக் கோயில் பக்கத்துக் கடைகளுக்கு அனுப்புவார்கள். கழுவின தண்ணீரைப் பின்னால் ஒரு மண் பள்ளத்தில் விடுவார்கள். எவ்வளவு ஊற்றினாலும் அந்தப் பள்ளம் ரொம்பியதே இல்லை. அவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது என்று யாரும் கேட்டதும் இல்லை.

பட்டறைக்காரரை எல்லோரும் மொதலாளி என்றுதான் சொல்வோம். நெற்றி நிறையச் சந்தனம், வாய் நிறையச் சிரிப்பு. தெருவில் சதுர்த்திப் பந்தல் போடுகிறவர் அவர்தான். அவருடைய வீடு இரண்டு தெரு தள்ளி. காலையில் ஸ்கூட்டரில் வரும்போது முன்னால் ஒரு பித்தளைக் கூஜா தொங்கும். வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். பட்டறையில் அதைத் தவிர வேறு தண்ணீர் அவர் வாயில் பட்டு நான் பார்த்ததில்லை. இவ்வளவு பெரிய மனுஷனுக்கு என்ன நாசூக்கு என்று அப்போது நினைத்தேன்.

ஐப்பசி பிறந்தால் பட்டறைக்கு மூச்சுவிட நேரமிருக்காது. கார்த்திகை தீபத்துக்கு ஊர் முழுக்க விளக்கு வேண்டுமே. அந்த வருஷம் ஐப்பசியில்தான் நம் கிணற்றுத் தண்ணீர் மாறியது. வாயில் ஊற்றினால் பழைய காலணாவை நாக்கில் வைத்த மாதிரி ஒரு ருசி. துவைக்கிற கல்லில் மயில் கழுத்து நிறத்தில் கறை படிந்தது. என் வெள்ளை வேட்டி ஓரத்தில் பச்சை ஏறியது.

"நீலம் ஜாஸ்தியா போட்டியா?" என்று உங்கள் அம்மாவைக் கேட்டேன்.

"நீலம் தீந்து ஒரு மாசமாவுது. இதுக்கு நான் இன்னா பண்ணட்டும்?"

அப்புறம் உனக்கு வாந்தி ஆரம்பித்தது. காலையில் கஞ்சி குடித்தால் கஞ்சி வெளியே வரும். வெறும் தண்ணீர் குடித்தால் அதுவும் வெளியே வரும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாய். பேச்சு வராத குழந்தை, எங்கே வலிக்கிறது என்று யாரைக் கேட்பது? உன் கையைப் பிடித்தால் வளையல் முழங்கைவரைக்கும் ஏறியது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் மருந்து எழுதிவிட்டு, "எந்தத் தண்ணி குடுக்கறீங்க? அதை மாத்துங்க மொதல்ல" என்றார்.

தெருமுனைக் குழாயில் பிடித்து வந்தோம். வாந்தி நின்றது. ஆனால் அந்தக் குழாயைப் பற்றித்தான் தெரியுமே, நான்கு நாள் வந்தால் பத்து நாள் பெருமூச்சு விடும். வராத நாளில் கிணற்றுத் தண்ணீர். மறுபடியும் வாந்தி.

இது பட்டறைத் தண்ணீர்தான் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது டயரை நெம்பிக் கழற்றுகிற ஒரு லிவர். கடையில் டியூபை முக்கி ஓட்டை பார்க்க ஒரு தொட்டி வைத்திருப்பேன். அதில் கிணற்றுத் தண்ணீர். ஒரு நாள் இரும்பு லிவர் தொட்டிக்குள் விழுந்து கிடந்ததை மறுநாள்தான் எடுத்தேன். கையில் செம்பு லிவர் இருந்தது! பட்டையாக, சிவப்பாக. உப்புத்தாளால் தேய்த்தால் உள்ளே பழைய இரும்பு. பிறகு ஒரு ஆணியை நன்றாகத் தேய்த்துக் கிணற்றுத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். அதுவும் சிவந்தது. குழாய்த் தண்ணீரில் போட்ட ஆணி ஆணியாகவே இருந்தது.

ஆணியை எடுத்துக்கொண்டு மொதலாளியிடம் போனேன். கோபமாகப் போகவில்லை. விஷயம் தெரிந்தால் வருத்தப்படுவார் என்றுதான் போனேன்.

அவர் ஆணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரித்தார்.

"ஏம்பா, செம்புல தண்ணி ஊத்தி வச்சிக் குடிச்சா ஒடம்புக்கு நல்லதுன்னு ஒங்கூட்ல பெரியவங்க சொன்னதில்ல? அவனவன் செம்புக் கொடம் வாங்கி வச்சிக் குடிக்கறான். ஒனக்கு நான் ஓசியில குடுக்கறேன்."

"கொழந்த வாந்தி எடுக்குது மொதலாளி."

"கொழந்தன்னா வாந்தி எடுக்கும். மாந்தமா இருக்கும். வசம்பு ஒரசி ஊத்து." பிறகு வேலையாட்களைப் பார்த்து, "இரும்பு செம்பாவுதாம்! அப்ப நான் இன்னாத்துக்கு வெளக்கு தேய்க்கறேன், இவங்கெணத்துல கடப்பாறைய போட்டு செம்பா எடுத்து விப்பனே! தலையில மூளை இருக்கற எடத்துல களிமண்ண வச்சி அனுப்பிட்டான் ஆண்டவன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே கூஜாவைத் திறந்து அண்ணாந்து இரண்டு மடக்குக் குடித்தார்.

அந்தக் கூஜாவைப் பார்த்த நிமிஷத்தில்தான் எனக்குப் புரிந்தது. இந்த ஆளுக்கு நான் வந்து சொல்ல ஒன்றுமில்லை. எல்லாம் தெரிந்துதான் இருக்கிறார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் உன்னைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அழவில்லை, கத்தவில்லை. "ஓசியாமா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு பல மாதம் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே நம் வீட்டில் அடுப்பு எரிந்தது. கறை போகத் துவைக்கும்போது "ஓசி, ஓசி" என்று அடிப்பாள்.

நான் என்னென்னவோ யோசித்தேன். அவர் ஸ்கூட்டர் காற்றடிக்க என் கடைக்குத்தான் வரும். பஞ்சர் ஒட்டுகிறவனுக்குப் பஞ்சர் பண்ணத் தெரியாதா? ஒரு முள் போதும். ஆனால் ஒட்டுப் போட்டால் சரியாகிவிடுகிற பழி எனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பள்ளத்தை மூடலாம் என்று ஒருநாள் மண்வெட்டியை எடுத்தேன். அம்மா அதை வாங்கி மூலையில் வைத்தாள்.

"மூடினா பக்கத்துல இன்னொன்னு தோண்டுவான். அதெல்லாம் வேணாம். அவன் வாய்ல வந்தத அவனே முழுங்கணும்."

தெருவிலும் நமக்கு ஆள் இல்லை. குடிக்கக் குழாய்த் தண்ணீரையும் பாத்திரத்துக்கு நம் கிணற்றையும் வைத்துக்கொண்டவர்களுக்கு வாந்தி வரவில்லை. பந்தல் போடுகிற மனுஷனைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் விருப்பமும் இல்லை. எதிரில் இட்லிக்கடை வைத்திருந்த அக்கா ஒருத்திதான், "மாவு ஆட்டறதுக்கு நான் இனிமே அந்தத் தண்ணி எடுக்கல சாமி. இட்லி எனக்கு வெள்ளையா இருக்கணும்" என்றாள்.

அடுத்த ஆவணியில் சதுர்த்தி வந்தது. வழக்கம்போலத் தெருப் பிள்ளையார்கள் எல்லாம் நம் கிணற்றில் இறங்கினார்கள். தண்ணீர் கலங்கி, பிறகு தெளிந்தது. ஆணி போட்டுப் பார்த்தேன். சிவக்கவில்லை! மறுபடியும் தேய்த்துப் போட்டேன். அப்போதும் ஆணி ஆணிதான். வாயில் வைத்தால் காலணா ருசி இல்லை.

சந்தோஷத்தில் அம்மா வாயை விட்டுவிட்டாள். இட்லிக்கடைக்குப் போனது, அங்கிருந்து பட்டறைக்குப் போனது. மொதலாளி தேங்காயோடு வந்து கிணற்றடியில் உடைத்தார்.

"பாத்தீங்களா! விநாயகனே எறங்கிச் சுத்தம் பண்ணிட்டான். இது பிள்ளையார் தண்ணி. இனிமே எவனாவது இந்தத் தண்ணிய கொற சொன்னா சாமி குத்தம்!"

தெருவே கன்னத்தில் போட்டுக்கொண்டது. நானும் போட்டுக்கொண்டேன். உன் வயிறு சரியானால் யார் சரி பண்ணினால் என்ன?

ஐப்பசி வந்தது, விளக்கு வேலை வந்தது. கல்லில் மறுபடியும் மயில் கழுத்து. ஆணி சிவந்தது.

"பிள்ளையார் அதுக்குள்ள லீவு போட்டுட்டாரா?" என்றாள் இட்லிக்கடை அக்கா.

எனக்கு ஒரு சந்தேகம். பிள்ளையார் பண்ணின வேலையா, பிள்ளையாருக்குள் இருந்த மண் பண்ணின வேலையா? பிள்ளையார் செய்கிறவர்கள் மண் எடுக்கும் ஏரிக்குச் சைக்கிளில் போனேன். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கிற கருஞ்சாம்பல் களிமண். ஒரு சாக்கு கட்டி வந்தேன். கண்ணும் தொப்பையும் இல்லாத வெறும் மண்ணை ஒரு வாளிக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்தேன். இன்னொரு வாளியில் வெறும் தண்ணீர். மண் அடியில் தங்கியதும் மேல் தண்ணீரை எடுத்து ஆணி போட்டேன். சிவக்கவில்லை. வெறும் தண்ணீர் ஆணி சிவந்தது.

"சாமி இல்ல மே, மண்ணுதான்" என்றேன் அம்மாவிடம்.

"மண்ணுல சாமி இல்லன்னு யாரு சொன்னது?" என்றாள்.

பிறகு அதுவே வேலையாயிற்று. மண்ணை வெயிலில் காயவைத்து, இடித்து, சலித்து, தொட்டித் தண்ணீரில் போட்டுத் துடுப்பால் நன்றாகக் கலக்குவோம். சும்மா விட்டால் களிமண் லேசில் தெளியாது. தேற்றாங்கொட்டையைக் கல்லில் உரசி விட்டால் கட்டிச் சேர்ந்து அடியில் இறங்கும். மேலே நிற்கிற தெளிவை மெதுவாக மொண்டு வேறு பானைக்கு மாற்றுவோம். ஆணி போட்டுப் பார்க்காமல் உனக்கு ஒரு சொட்டுத் தந்ததில்லை. அதுவும் குழாய் வராத நாளில் மட்டும். ஆணி மட்டும் போதாது என்று அம்மா தானும் ஒரு நாள் முன்னாடியே குடித்துப் பார்ப்பாள். உன் வாந்தி நின்றது. வளையல் மணிக்கட்டுக்குத் திரும்பி வந்தது.

வாடகை சைக்கிள் எடுக்க வந்த ஒரு காலேஜ் வாத்தியார் பின்னாளில் விளக்கினார். களிமண் என்பது கண்ணுக்குத் தெரியாத ஏடுகள் அடுக்கின கட்டு. அந்த ஏடுகள் தாம் பிடித்துவைத்திருக்கிற சுண்ணாம்பு மாதிரியானவற்றைத் தண்ணீரில் விட்டுவிட்டு, அந்த இடத்தில் செம்பைப் பிடித்துக்கொள்ளும். இடம் தீர்ந்துவிட்டால் அப்புறம் பிடிக்காது. புது மண் போடவேண்டும்.

அதுதான் விஷயம். மண் விஷத்தைத் தின்று தீர்த்துவிடவில்லை, வாங்கி வைத்துக்கொண்டது. தொட்டியடியில் தங்கிய மண்ணை வழித்தால் சாம்பலில் பாசி படர்ந்ததுபோலப் பச்சை. அதை எங்கே கொட்டுவது? தெருவில் கொட்டினால் கோழி கிளறும். அம்மா அதை உடைந்த பானைகளில் சேர்த்துச் சுவரோரம் வைத்தாள். பானைகள் பெருகின. ஒருநாள் அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றவள் சொன்னாள்:

"இது நம்மளுது இல்ல. யாருதோ அவங்களுக்குக் குடுத்துடணும்."

அடுத்த சதுர்த்திக்குப் பிள்ளையார் செய்கிற வீட்டில் ஒரு பெரிய அச்சை இரவல் வாங்கினேன். பானை மண்ணையெல்லாம் பிசைந்தோம். அச்சில் தும்பிக்கை பிய்ந்துவிட்டது. அம்மா கையாலேயே வைத்தாள். கண்ணுக்குக் குன்றிமணி. காலடியில் ஒரு மூஞ்சூறு. காய்ந்ததும் சும்மா சொல்லக்கூடாது, அழகான பச்சை. அதைத் தட்டில் வைத்து, அறுகம்புல் சாத்தி, பந்தலுக்கு எடுத்துப் போனோம். எல்லார் எதிரிலும் மொதலாளி கையில் கொடுத்தேன்.

"போன வருஷம் நீங்கதான சொன்னீங்க, எங்க கெணத்துத் தண்ணி பிள்ளையார் தண்ணின்னு? இது அந்தத் தண்ணியில வெளைஞ்ச பிள்ளையாரு. உங்க வீட்டுக் கெணத்துலதான் கரைக்கணும்னு வேண்டுதல்."

அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! "அடடா, மரகதப் பிள்ளையார் மாதிரி இல்ல இருக்கு! சைக்கிள்காரரே, ஒம்மேல இருந்த கோவமெல்லாம் போச்சுய்யா" என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். என்மேல் கோபம் அவருக்கு!

மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் வீட்டில் கரைப்பு. தெருவையே கூப்பிட்டிருந்தார். சுண்டல், சாம்பிராணி, மேளம்கூட. நாங்களும் போனோம், நீ என் இடுப்பில். உப்புத்தாளில் தேய்த்த ஆணி என் சட்டைப் பையில். கிணற்றுக்குள் அவருக்குத் தெரியாமல் அந்தப் பிள்ளையார் இறங்குவதில் எனக்கு இஷ்டம் இல்லை. நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்குத் தெரியாவிட்டால் அது என்ன பழி? தவிர, அந்த வீட்டிலும் குழந்தைகள் இருந்தார்கள்; அவர்கள் ஒன்றும் சிரிக்கவில்லையே.

அவர் பிள்ளையாரைக் கிணற்று மேடைக்குத் தூக்கி வந்தார். நான் முன்னால் போனேன்.

"ஒரு நிமிஷம் மொதலாளி. மரகதம் எப்படி வந்துச்சின்னு காட்டிட்றேன்."

பிள்ளையாரைத் தொடவில்லை. மூஞ்சூறை மட்டும் எடுத்தேன். ஒரு டம்ளரில் போட்டு நசுக்கினேன். புளிப்புப் பட்டால் மண் செம்பை விட்டுவிடும் என்று வீட்டிலேயே பார்த்திருந்தேன். பூஜைக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழங்களைப் பிழிந்து ஊற்றிக் கலக்கி, ஆணியைப் போட்டேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மேளக்காரர்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஆணியை எடுத்துத் துடைத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். புதுச் செம்புக் குடம் மாதிரிச் சிவந்திருந்தது.

"உங்க பட்டறைச் செம்பு. எங்க கெணத்துக்கு வந்துச்சி, மண்ணுல புடிச்சி வச்சேன். உங்க சொத்து, திருப்பிக் குடுக்கறேன். போடுங்க கெணத்துல."

அவர் பிள்ளையாரைப் பிடித்தபடியே நின்றார். மேடையிலிருந்து ஓரடி பின்னால் வந்தார். அவர் சம்சாரம் சமையல்கட்டு வாசலிலிருந்து கேட்டாள்: "ஏங்க, அப்ப அவங்க பாப்பா வாந்தி எடுத்துச்சின்னாங்களே..."

"கெணத்துல வேணாம்" என்றார் மொதலாளி.

அதற்காகத்தான் காத்திருந்தேன். "ஏன் மொதலாளி? செம்புத் தண்ணி ஒடம்புக்கு நல்லதாச்சே!"

உங்கள் அம்மா என் பின்னாலிருந்து சொன்னாள்: "ஓசியிலதான குடுக்கறோம்."

யாரும் சிரிக்கவில்லை. பட்டறையில் அன்றைக்குச் சிரித்த வேலையாட்களும் அங்கே நின்றார்கள். இட்லிக்கடை அக்காதான் பேசினாள்: "ஏரியில வுடாதீங்க, மாடு குடிக்கும். ஒடைக்கவும் முடியாது, சாமியாச்சே. பட்டறையிலயே வச்சி தெனம் வெளக்கு ஏத்துங்க. உங்களுக்கா வெளக்குக்குப் பஞ்சம்?"

அப்படியே ஆயிற்று. பச்சைப் பிள்ளையார் பட்டறைக்குள் ஒரு மாடத்தில் உட்கார்ந்தார். கிளம்பும்போது நான் ஒன்றே ஒன்று சொன்னேன்: "எங்க மண்ணு பச்சையா வர்ற வரைக்கும் வருஷா வருஷம் ஒரு பிள்ளையார் வரும் மொதலாளி. எடம் பாத்து வைங்க."

ஐப்பசிக்கு முன்னால் பள்ளத்துக்குச் சிமெண்டு பூசினார்கள். இப்போது பள்ளம் ரொம்பி வழிய, எந்த ஏரி மண் என்று கேட்டு மொதலாளி ஓர் ஆளை அனுப்பினார். தெரியாது என்று திருப்பி அனுப்பினேன். அவரே வந்தார், ஸ்கூட்டரில் இல்லை, நடந்து.

"எந்த ஏரிக் களிமண்ணுய்யா அது?"

"களிமண்ணா? அது என் தலையிலதான இருக்குன்னீங்க மொதலாளி."

தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வேண்டுமட்டும் நிற்கவிட்டுத்தான் ஏரியைச் சொன்னேன். வண்டி வண்டியாக மண் வந்து இறங்கியது. கழுவின தண்ணீர் களிமண் தொட்டியில் நின்று தெளிந்து போனது. பச்சையான மண்ணை அவர் செலவிலேயே சிமெண்டுக் குழியில் மூடினார்கள்.

ஆனால் பூமிக்குள் போனது உடனே திரும்பிவிடாது. நம் தொட்டி மண் அடுத்த வருஷமும் பச்சைதான். ஒரு பிள்ளையார் போனார். அதற்கடுத்த வருஷம் கொஞ்சம் வெளிர்ந்தவர் போனார். மாடத்தில் இடம் நெருங்கியது. சின்னவன் பிறந்தான், நீ பள்ளிக்கூடம் போனாய், நாங்கள் சதுர்த்திக்குச் சதுர்த்தி அச்சு வாங்கிக்கொண்டே இருந்தோம்.

ஒரு வருஷம் தொட்டியடி மண்ணை வழித்தபோது ஏரியில் எடுத்த அதே கருஞ்சாம்பல் நிறம். ஆணியும் சிவக்கவில்லை. அம்மா அதைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒன்னே ஒன்னு" என்றாள்.

பிடித்தோம். அறுகம்புல் சாத்தி அவர் பட்டறை வாசலுக்கு எடுத்துப் போனேன். மொதலாளிக்கு முடி நரைத்திருந்தது. தட்டை இரண்டு கையாலும் வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிள்ளையாரைத் திருப்பி முதுகைப் பார்த்தார், பாதத்தைப் பார்த்தார், தும்பிக்கை மடிப்பில் விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பச்சை எங்காவது இருக்கிறதா என்று தேடினார்.

இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தேடட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.